போன் வீடியோ எடிட்டரில் ஏற மறுத்தால்: கன்வர்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வந்த கேள்வி சுருக்கமாக இது. அக்கா கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு போனில் எடுத்த வீடியோக்களையெல்லாம் சேர்த்து, விண்டோஸ் லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் எடிட் செய்யப் பார்க்கிறார் ஒருவர். சில வீடியோக்கள் உள்ளே வருகின்றன, ஆனால் படம் இல்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. சிலவற்றில் பட்டுப்புடவையின் நிறமே வெளுத்துப்போய்த் தெரிகிறது. மாமா மேடையில் நீளமாகப் பேசும் வீடியோவில் வாயசைவு ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. இத்தனைக்கும் விஎல்சி பிளேயரில் எல்லாமே நன்றாக ஓடுகிறதாம். "மொத்தத்தையும் ஏதாவது ஒரு கன்வர்ட்டரில் போட்டு எம்பி4 ஆக்கிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். மொத்தமாகக் கன்வர்ட் செய்தால் நேரம் போகும், தரம் குறையும், டிஸ்க் நிறையும். அப்படியும் சிக்கல் தீருமா என்றால், வெளுத்த வீடியோ வெளுத்தபடியேதான் வரும். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எந்தக் கோப்புக்கு எந்தக் கோளாறு என்று பிரித்துவிட்டால், கன்வர்ட் செய்தே ஆக வேண்டியவை பாதிகூட இருக்காது.

முதலில் இந்த விஎல்சி விஷயம். "விஎல்சியில் ஓடுகிறதே" என்று எல்லோரும் சொல்வார்கள். அதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: கோப்பு கெட்டுப்போகவில்லை. விஎல்சி தனக்குத் தேவையான டீகோடர்களை, அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் நிரல்களை, எல்லாம் தன்னோடே கொண்டுவருகிறது. எடிட்டிங் மென்பொருள்கள் அப்படி இல்லை. எதைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது என்பதில் அவற்றுக்கு உரிமக் கணக்கு உண்டு, இலவசப் பதிப்பு, காசு கொடுத்து வாங்கும் பதிப்பு என்ற பேதமும் உண்டு. அதனால்தான் கோடெக் பேக் (கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) என்று இணையத்தில் கிடைப்பதை இறக்கிப் போட்டாலும் ரிசால்வோ அடோபியின் பிரீமியர் எடிட்டரோ பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அவை தங்கள் சொந்த டீகோடரைத்தான் பயன்படுத்துகின்றன. கோடெக் பேக் கூடவே ஏதாவது விளம்பர மென்பொருளும் வந்து உட்காரும், அவ்வளவுதான் லாபம்.

அடுத்து எம்பி4 பற்றிய தவறான நம்பிக்கை. எம்பி4, எம்ஓவி என்பதெல்லாம் டப்பாவின் பெயர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள் இருக்கலாம், கடுகும் இருக்கலாம். ஒரே எம்பி4 என்ற பெயருக்குள் எச்.264 என்ற கோடெக் இருக்கலாம், எச்இவிசி இருக்கலாம், ஏவி1கூட இருக்கலாம். எம்ஓவி என்று முடியும் கோப்பின் பெயரை எம்பி4 என்று மாற்றிவிட்டு "இப்பவும் வரலையே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெயரை மாற்றினால் உள்ளிருப்பது மாறாது.

உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள மீடியாஇன்ஃபோ என்ற இலவச நிரலை நிறுவுங்கள். சிறியது, பல வருடங்களாக இருப்பது, நம்பலாம். ஒரு வீடியோவை அதில் இழுத்துப் போட்டால் அதன் முழு ஜாதகத்தையும் சொல்லிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு வரிகள்தான்: வீடியோவின் ஃபார்மட் (எந்தக் கோடெக்), பிட் டெப்த் (நிறம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது), ஃபிரேம் ரேட் மோடு (ஃபிரேம் எண்ணிக்கை சீரானதா, மாறுவதா), கலர் பிரைமரிஸ் (எந்த நிறக் கணக்கு). இந்த நான்கையும் பார்த்தபின் உங்கள் வீடியோக்களை மூன்று ஃபோல்டராகப் பிரித்துவிடலாம். மீதி வேலை சுலபம்.

சரி, சத்தம் மட்டும் வருகிற வீடியோக்கள். மீடியாஇன்ஃபோவில் ஃபார்மட் என்ற இடத்தில் எச்இவிசி என்று இருக்கும். கூடவே பிட் டெப்த் 10 என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆள் அதுதான். எச்.264 2003-இல் வந்த தரம், இன்று அதைத் திறக்காத கருவியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எச்இவிசி, அதாவது எச்.265, 2013-இல் வந்தது. ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி அளவிலேயே அடக்கிவிடும் என்பதால் போன் தயாரிப்பாளர்களுக்கு அது வசதி. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் 7-உம் அதற்குப் பிந்தியவையும் எச்இவிசியில்தான் பதிவு செய்யத் தொடங்கின. எவ்வளவு மிச்சம் என்று ஐபோனின் செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கிறது: 4கே, நொடிக்கு 30 ஃபிரேம், ஒரு நிமிட வீடியோ எச்இவிசியில் சுமார் 170 எம்பி, எச்.264-இல் சுமார் 350 எம்பி.

ஆனால் இந்த எச்இவிசிக்குக் காப்புரிமைக் குழுக்கள் ஒன்றுக்கு மேல். யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதே ஒரு பெரிய பஞ்சாயத்து. அதனால்தான் விண்டோஸ் அதைக் கூடவே தராமல், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ் என்று தனியாக ஒரு சிறு தொகைக்கு விற்கிறது. விண்டோஸின் டீகோடரை நம்பியிருக்கும் நிரல்களுக்கு, உதாரணமாக விண்டோஸோடு வரும் வீடியோ பிளேயருக்கு, அதை வாங்கிப் போட்டால் போதும். ரிசால்வ் இலவசப் பதிப்பில், அதுவும் 10 பிட் கோப்புக்கு, அது கைகொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். விண்டோஸில் இலவசப் பதிப்புக்கும் 10 பிட் எச்இவிசிக்கும் நெடுநாள் தகராறு. பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், அதனால் முதலில் ரிசால்வைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம், அங்கே இலவசப் பதிப்பில் எச்.264-ஏ திறக்காது. மேக்கில் இந்தப் பேச்சே எழாது, இயங்குதளமே டீகோட் செய்து கொடுத்துவிடுகிறது.

இன்னொன்று, விண்டோஸின் பெயரில் கடைசியில் ‘என்’ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். அந்தப் பதிப்பில் மீடியா சம்பந்தப்பட்ட பகுதிகளே இருக்காது. மீடியா ஃபீச்சர் பேக் என்பதைச் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியிலிருந்து சேர்க்க வேண்டும். நம் ஊரில் அபூர்வம்தான், ஆனால் அதில் மாட்டியவர்கள் நாள்கணக்கில் வேறு எங்கெங்கோ தேடுவார்கள்.

இந்தக் குவியலுக்கு வழி மூன்று. ரிசால்வ் ஸ்டூடியோ பதிப்பைக் காசு கொடுத்து வாங்குவது ஒன்று. தொழிலாகச் செய்பவர்களுக்கு அது சரி, ஒரு கல்யாண வீடியோவுக்காக வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டாவது, கேடென்லைவ் அல்லது ஷாட்கட் போன்ற கட்டற்ற எடிட்டருக்கு மாறுவது. இவை எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற வீடியோ நிரல்தொகுப்பின் மேல் கட்டப்பட்டவை, அதனால் விஎல்சி எதைத் திறக்கிறதோ ஏறக்குறைய அதையெல்லாம் இவையும் திறக்கும். நிறத் திருத்தத்தில் ரிசால்வ் பக்கத்தில் நிற்க முடியாது, உண்மைதான். ஆனால் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, பெயர் போட்டு முடிக்கும் வேலைக்கு இவை தாராளம். மூன்றாவது, இந்த ஃபோல்டரில் உள்ளவற்றை மட்டும் கன்வர்ட் செய்வது. அதற்கு எப்படி என்பது மாமா வீடியோவுக்குச் சொல்லப்போகும் முறையேதான். 10 பிட் நிறத்தை இழக்காமல் மாற்ற வேண்டுமென்றால் ஷட்டர் என்கோடர் என்ற இலவச நிரலில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் வடிவில் எடுங்கள். கோப்பு பல மடங்கு வீங்கும், ஆனால் ரிசால்வ் அதை மறுபேச்சில்லாமல் திறக்கும், ஓட்டும்போதும் லேசாக ஓடும்.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்க: ரிசால்வில் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’ என்று வருவதெல்லாம் கோடெக் பிரச்சினை அல்ல. பென்டிரைவிலிருந்து நேரடியாக இழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் பென்டிரைவைப் பிடுங்கினாலும் அதே செய்திதான் வரும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் வரும். அப்படியென்றால் ரீலிங்க் செய்தால், அதாவது கோப்பு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால், போதும்.

வெளுத்த வீடியோக்களுக்கு வருவோம். இவை பெரும்பாலும் ஐபோன் 12-இலோ அதற்குப் பிந்தியதிலோ எடுத்தவையாக இருக்கும். 2020-இல் வந்த அந்த மாடல்களிலிருந்து டால்பி விஷன் எச்டிஆர் பதிவு (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதியும் முறை) தானாகவே இயங்கும்படி வருகிறது. மீடியாஇன்ஃபோவில் கலர் பிரைமரிஸ் என்ற வரியில் பிடி.2020 என்றும், டிரான்ஸ்ஃபர் என்ற வரியில் எச்எல்ஜி என்றும் இருக்கும். சாம்சங்கின் உயர் ரக போன்களிலும், பிக்சலிலும் எச்டிஆர் பதிவு உண்டு, அங்கே பெரும்பாலும் நாமாக இயக்க வேண்டும்.

இதில் கோப்பிலும் தவறில்லை, எடிட்டரிலும் தவறில்லை. கோப்பு எச்டிஆர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் டைம்லைன் ரெக்.709 என்ற சாதாரண கணக்கில் இருக்கிறது. ஒரு கணக்கில் எழுதிய எண்களை இன்னொரு கணக்கில் வாசித்தால் நெற்றியும் வெள்ளை வேட்டியும் எரிந்துபோகும், அல்லது மொத்தப் படமும் பால் ஊற்றியது போல மங்கும். இதைக் கான்ட்ராஸ்ட் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு ஷாட்டில் சரியானது போல இருக்கும், அடுத்த ஷாட்டில் காலை வாரும். ரிசால்வின் கலர் பக்கத்தில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற எஃபெக்ட் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. அதில் உள்ளே வருவது ரெக்.2020, காமா எச்எல்ஜி என்றும், வெளியே போவது ரெக்.709, காமா 2.4 என்றும் கொடுத்து டோன் மேப்பிங்கை இயக்கினால் நிறம் இடத்துக்கு வந்துவிடும். ஒரு கிளிப்பில் சரியாக வந்ததும் அதை மற்ற ஐபோன் கிளிப்புகளுக்கு எல்லாம் நகலெடுத்துக்கொள்ளலாம். பிரீமியரின் புதிய பதிப்புகள் இந்த மாற்றத்தைத் தாமாகவே செய்கின்றன.

கன்வர்ட் செய்தால் இது தீராது என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணமும் இதுதான். சாதாரண கன்வர்ட்டர் கோடெக்கை மாற்றும், நிறக் கணக்கைத் தொடாது. சில கன்வர்ட்டர்கள் "இது எச்டிஆர்" என்ற குறிப்பையும் தொலைத்துவிடும். அப்புறம் எடிட்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இனி மாமாவின் பேச்சு. எனக்கு வரும் கேள்விகளில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது இந்த ஒத்திசைவுக் கோளாறுதான். காரணம், தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். முதல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எடிட்டை முடித்து, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்து வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் போடும்போதுதான் குரல் பின்தங்கிப் போய்க்கொண்டிருப்பது தெரியும்.

சினிமா கேமராவோ டிவி கேமராவோ நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் துல்லியமாக 25 எடுக்கும். போன் அப்படி இல்லை. 30 என்று செட்டிங்ஸில் இருந்தாலும், சூடேறினால், வெளிச்சம் குறைந்தால், பின்னணியில் வேறு வேலை வந்தால், அது 29 எடுக்கும், 28 எடுக்கும், மறுபடி 30-க்கு வரும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்ற நேரக்குறி கோப்பிலேயே இருப்பதால், பிளேயர் அதைப் பார்த்து ஓட்டிவிடுகிறது. இதற்கு மாறும் ஃபிரேம் ரேட் என்று பெயர், மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோடு என்ற வரியில் வேரியபிள் என்று இருக்கும். சத்தமோ நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் (ஒலியின் சிறு அளவீடுகள்) என்று ஒரே சீராகப் பதிவாகிறது. எடிட்டர் நேரக்குறிகளைச் சரியாக மதிக்காமல், எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். 10 நிமிட வீடியோவில் 18,000 ஃபிரேம் இருக்க வேண்டிய இடத்தில் 17,900 மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைகிற 100 ஃபிரேம் என்பது மூன்று நொடிக்கும் மேல். பேச்சின் முடிவில் மாமா வாயை மூடி மூன்று நொடி ஆனபின்னும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் சத்தத்தைக் கொஞ்சம் நகர்த்திவைத்துச் சரிசெய்யும் வித்தை இங்கே பலிக்காது. ஓரிடத்தில் பொருத்தினால் இன்னோரிடத்தில் விலகும்.

மண்டபத்தில் வரவேற்பு நடக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு மேடைக்கு மட்டும் ஒளி போடுகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி இடத்தில் எடுத்ததில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கும். ஐபோனில் ஆட்டோ எஃப்பிஎஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, இருட்டில் ஃபிரேம் எண்ணிக்கையைத் தானாகவே குறைத்துவிடும். ஸ்கிரீன் ரெக்கார்டிங் கோப்புகள் இன்னும் கொடுமை, திரையில் ஒன்றும் அசையவில்லை என்றால் புது ஃபிரேமே எழுதாதவை அவற்றில் உண்டு.

பிரீமியர் 2018 வாக்கிலிருந்து மாறும் ஃபிரேம் ரேட்டைப் புரிந்துகொள்கிறது, ரிசால்வும் ஓரளவு சமாளிக்கிறது. ஷாட்கட்டில் இப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரவா என்று அதுவே கேட்கும், அங்கே சரி என்று சொல்லிவிடுவது நல்லது. ஆனால் நீளமான பேச்சு, கச்சேரி, நாதஸ்வரம் வாசிக்கிற காட்சி என்றால் எடிட்டரை நம்பிக்கொண்டிருக்காமல் முதலிலேயே சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுவதே என் கட்சி. பத்து நொடித் துண்டுகளுக்கு இது தேவையே இல்லை, விலகல் கண்ணுக்குத் தெரியாது.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் போதும். இலவசம், விளம்பரம் கிடையாது. ஆனால் அதைத் திறந்து அப்படியே ஸ்டார்ட்டை அழுத்திவிடாதீர்கள். அது முதலில் காட்டுகிற ஃபாஸ்ட் 1080பி30 என்ற தயார் அமைப்பு உங்கள் 4கே வீடியோவை 1080-க்குக் குறைத்துவிடும். டைமென்ஷன்ஸ் பகுதியில் அளவு மூலத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ பகுதியில் என்கோடர் எச்.264, ஃபிரேம் ரேட் 30 அல்லது வீடியோ எந்த எண்ணில் எடுத்ததோ அது. அதன் கீழே கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்த வைத்தியமும் அந்த ஒரு பொத்தானில்தான் இருக்கிறது. தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரம் கூடும். 16 முதல் 18 வரை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு கோப்பை மாற்றி, கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்து வாயசைவு பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் மற்றவற்றை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், படம் முழுதாக முடிந்து எல்லோரும் பார்க்கிறவரை அவை இருக்கட்டும்.

ஆன்லைனில் கன்வர்ட் செய்து தரும் தளங்கள் பக்கம் போக வேண்டாம். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் இருக்கிற வீடியோவை முகம் தெரியாத ஒரு சர்வரில் கொண்டுபோய் ஏற்றுவானேன்? நம் லேப்டாப்பிலேயே முடிகிற வேலை இது.

ஃபிரேம் ரேட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் எடுத்த வீடியோவையும் இதோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அது பெரும்பாலும் 25 அல்லது 50 ஃபிரேமில் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ஒட்டிய பழைய டிவி கணக்கு அது. போன்களோ 30 அல்லது 60. ரிசால்வில் முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவரும்போது, புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்றவா என்று கேட்கும். அவசரத்தில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும் தொல்லை. எது அதிகமாக இருக்கிறதோ அதன் எண்ணை வையுங்கள். ஸ்டூடியோ வீடியோ பிரதானம் என்றால் 25, போன் துண்டுகள்தான் பிரதானம் என்றால் 30. எண்ணிக்கையில் குறைந்தது கொஞ்சம் தத்தித் தத்தி ஓடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். டியூப்லைட், மலிவான எல்இடி விளக்கின் கீழே போனில் எடுத்ததில் பட்டை பட்டையாக ஓடுவதற்கும் இந்த 50 ஹெர்ட்ஸுக்கும் 30 ஃபிரேமுக்கும் உள்ள பொருத்தமின்மைதான் காரணம். அது படமெடுக்கும்போதே விழுந்த கோடு, இம்போர்ட்டில் சரியாகாது.

இதுவரை சொன்னது கோப்பு முழுசாக வந்து சேர்ந்திருந்தால். பல நேரம் கோளாறு அதற்கு முன்பே, போனிலிருந்து லேப்டாப்புக்கு வரும் வழியிலேயே தொடங்கிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் எந்த எடிட்டரிலும் சிரமமில்லாமல் உள்ளே வரும். பெரிய திரையில் பார்க்கத்தான் முடியாது. அனுப்பும்போதே வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் உண்டு. சொந்தக்காரர்களிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே வரும். சித்தப்பாவுக்கு அது புரியவில்லை என்றால் கூகுள் டிரைவில் ஏற்றச் சொல்லலாம், அதுவும் புரியவில்லை என்றால் அடுத்த விசேஷத்தில் போனை வாங்கி நீங்களே கேபிள் போட்டு எடுத்துக்கொள்வதுதான் வழி. கூகுள் போட்டோஸில் ஸ்டோரேஜ் சேவர் முறையில் ஏற்றியிருந்தால் அதுவும் சுருங்கியதுதான், 4கே 1080 ஆகியிருக்கும்.

ஐபோனை விண்டோஸ் கணினியில் கேபிள் வழியாக இணைத்துக் காப்பி செய்யும்போது, பாதியில் "கணினியோடு இணைத்த கருவி இயங்கவில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி வந்து நிற்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், கணினியை மாற்றிப் பார்ப்பார்கள். உண்மையில் போன் அந்த நேரத்தில் எச்இவிசி வீடியோவை எச்.264 ஆக மாற்றிக்கொண்டே கொடுக்கப் பார்க்கிறது, அந்த இடத்தில் தடுமாறுகிறது. ஐபோன் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி என்று இருக்கும், அங்கே ஆட்டோமேட்டிக் என்பதற்குப் பதில் கீப் ஒரிஜினல்ஸ் என்று வையுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். ஐகிளவுடில் ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ் போட்டிருக்கும் போனில் பழைய வீடியோக்களின் மூலம் போனிலேயே இருக்காது. கேபிள் போட்டுத் தேடினால் கிடைக்காததன் காரணம் அது. இன்னொரு சிறு விஷயம்: ஐஎம்ஜி என்று தொடங்கும் கோப்பும், அதே எண்ணில் ‘இ’ (E) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த இன்னொன்றும் இருந்தால், இரண்டாவது போனிலேயே வெட்டித் திருத்தியது, முதலாவது மூலம்.

ஆண்ட்ராய்டில் கேபிள் போட்டதும் சார்ஜ் மட்டும்தான் ஆகும். மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்ற வேண்டும். அப்படி மாற்றியபின் போனுக்குள் தெரிகிற வீடியோவை அங்கிருந்தே நேராக எடிட்டருக்குள் இழுத்துப் போடாதீர்கள். போன் அங்கே ஒரு சாதாரண டிரைவ் போல இணைவதில்லை, எடிட்டரால் அதை டிரைவாகப் படிக்க முடியாது. முதலில் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து, இரண்டு பக்கமும் கோப்பின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இம்போர்ட் செய்யுங்கள். பழைய பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏற மறுத்தால் அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்தால் சரி.

கோப்புக்கும் ஃபோல்டருக்கும் தமிழில் பெயர் வைப்பது எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் பழைய மென்பொருள்கள் சில, தமிழ் எழுத்தோ இமோஜியோ உள்ள பாதையைப் பார்த்தால் கோப்பே இல்லை என்று கைவிரிக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்துப் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினாலும் விண்டோஸில் பல நிரல்கள் மக்கர் செய்யும். காரணமே புரியாமல் ஒரே ஒரு வீடியோ மட்டும் அடம்பிடித்தால், அதைச் சி அல்லது டி டிரைவின் நேர் கீழே ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெயரோடு வைத்துப் பாருங்கள்.

எங்கேயும் திறக்காத, விஎல்சியிலும் ஓடாத வீடியோ ஒன்றிரண்டு இருக்கலாம். பதிவாகிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துபோனதா என்று எடுத்தவரிடம் கேளுங்கள். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. அது இல்லாவிட்டால் படமும் சத்தமும் உள்ளே இருந்தும், எது எங்கே என்று எந்த நிரலுக்கும் தெரியாது. இதைக் கன்வர்ட்டரில் போட்டுப் பயனில்லை. அன்ட்ரங்க் என்ற கட்டற்ற நிரல் ஒன்று இருக்கிறது, அதே போனில் அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், கெட்டதை மீட்டுத் தரப் பார்க்கும். கோப்பின் அளவு சுழியம் என்று காட்டினால் மட்டும் அதற்கும் வேலை இல்லை.

தாத்தா காலத்து நோக்கியா போனில் எடுத்த, பெயர் .3gp என்று முடியும் வீடியோ ஏதாவது சேர்க்க நினைத்தால், அதன் சத்தம் ஏஎம்ஆர் என்ற பழைய வடிவில் இருக்கும். பல எடிட்டர்கள் அதை ஊமையாகத்தான் திறக்கும். ஹேண்ட்பிரேக்கில் ஒருமுறை போட்டு எடுத்தால் குரல் வந்துவிடும். எதிர்த்திசையில், ஐபோன் 16-இல் எடுத்ததில் வழக்கமான ஸ்டீரியோவோடு ஸ்பேஷியல் ஆடியோ தடமும் சேர்ந்திருக்கும், சில எடிட்டர்கள் அதைப் பார்த்துக் குழம்புகின்றன. டைம்லைனில் ஸ்டீரியோ தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்துவிட்டது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது என்றால் அது இம்போர்ட் கோளாறு இல்லை, லேப்டாப்பின் மூச்சு வாங்கல். எச்இவிசியைத் திறக்கக் கணக்கு நிறையப் போட வேண்டும். இன்டெலில் ஆறாம் தலைமுறையிலிருந்து 8 பிட்டுக்கும், ஏழாம் தலைமுறையிலிருந்து 10 பிட்டுக்கும் சிப்பிலேயே தனி வசதி உண்டு. டெஸ்க்டாப்பில் மாடல் எண் ‘எஃப்’ என்று முடிகிற புராசசர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாததால் இந்த வசதியும் இல்லை. விலை குறைவு என்று வாங்கியவர்கள் வீடியோ எடிட் செய்ய உட்காரும்போதுதான் அதை உணர்வார்கள், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் பரவாயில்லை. புது கணினி வாங்க ஓட வேண்டாம். ரிசால்விலும் பிரீமியரிலும் புராக்ஸி உருவாக்கும் வசதி இருக்கிறது, எடிட் செய்ய ஒரு லேசான நகலைப் பயன்படுத்திக்கொண்டு, எக்ஸ்போர்ட்டின்போது மூலத்துக்கு மாறிவிடும்.

அடுத்த விசேஷத்துக்கு முன்பே சொந்தக்காரர்களின் போனை வாங்கிச் செட்டிங்ஸ் மாற்ற முடிந்தால் பாதித் தலைவலி இல்லை. ஐபோனில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் வையுங்கள், ரெக்கார்ட் வீடியோ பகுதியில் எச்டிஆரை அணையுங்கள். எச்.264-இல் 4கே 60 ஃபிரேம் கிடைக்காது, இடமும் இரு மடங்கு பிடிக்கும், இரண்டுக்கும் சம்மதம் என்றால் மட்டும். சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸின் வீடியோ பகுதியில் ஹை எஃபிஷியன்சி என்பதையும் எச்டிஆர் என்பதையும் அணைத்தால் போதும். நல்ல வன்பொருள் உள்ளவர்கள் எச்இவிசியை விட வேண்டியதில்லை, எச்டிஆரை மட்டும் அணைத்தால்கூட நிம்மதி.

இத்தனைக்கும் மசியாத கோப்பு இருந்தால், மீடியாஇன்ஃபோவில் வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்று மாற்றி, வரும் எழுத்து முழுவதையும் நகலெடுத்து அனுப்புங்கள், கூடவே ரிசால்வின் பதிப்பு எண்ணையும் லேப்டாப்பின் புராசசர் பெயரையும் எழுதுங்கள். "வரவில்லை" என்பதை மட்டும் வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அனுப்புவதற்கு முன் அந்த எழுத்தில் லொகேஷன் என்ற வரி இருக்கிறதா பார்த்து அழித்துவிடுங்கள். போன் வீடியோக்களில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகியிருப்பது உண்டு.